சம்பளம் இல்லாமல் வரும் தீயணைப்பு வண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்டில் வீடு வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கூடம், வீட்டு வரி, ரயில் நிலையம் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், தீ விபத்து என்றால் அரசாங்க வண்டி உடனே வந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். வண்டி வரும், சரி. ஆனால் அதில் வருகிறவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்ல. இங்குள்ள நாசோ கவுண்டி என்ற மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்களில் தீயணைப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். குழாய் வேலை செய்பவர், பள்ளி ஆசிரியர், கடை வைத்திருப்பவர் எனப் பலரும் பேஜர் அடித்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். ஆண்டுக்கணக்காக இங்கே குடியிருக்கும் நம் தமிழர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு வாசகர் கடிதம் இருக்கிறது. 1735 பிப்ரவரியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னுடைய செய்தித்தாளிலேயே, ஒரு முதியவர் எழுதுவதுபோலப் பெயரை மறைத்துக் கடிதம் வெளியிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. எரியும் கரியை மூடாமல் அள்ளி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அதில் வீட்டுக்காரர்களை எச்சரித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி என்ற தன்னார்வத் தீயணைப்புக் குழு பிறந்தது (இப்படிப்பட்ட குழுவுக்குத்தான் இங்கே கம்பெனி என்று பெயர்). உறுப்பினர்கள் ஆளுக்குச் சில தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிவர உறுதியான துணிப்பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

நகரங்களில் இந்த முறை நிலைக்கவில்லை. கம்பெனிகளுக்குள் போட்டி முற்றி, எரிகிற வீட்டை விட்டுவிட்டுத் தெருவில் அடித்துக்கொண்ட காலமும் உண்டு. நியூயார்க் அரசியலில் ஊழலுக்குப் பேர்போன வில்லியம் ட்வீட், முதலில் ஆள்பலம் சேர்த்ததே ஒரு தீயணைப்புக் கம்பெனியின் தலைவராக இருந்தபோதுதான். அப்புறம் நீராவிப் பம்பு வந்தது. கையால் அடிக்கும் பம்புக்குத் தேவைப்பட்ட கூட்டம் அதற்குத் தேவையில்லை. பழகிய சிலரும் குதிரைகளும் போதும். 1853-இல் சின்சினாட்டியும், 1865-இல் நியூயார்க்கும், 1871-இல் ஃபிலடெல்ஃபியாவும் சம்பளப் படைக்கு மாறின.

புறநகர் ஊர்கள் மாறவில்லை. வரி வருமானம் குறைவு, தீ விபத்தும் எப்போதாவதுதான். பழைய ரயில் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடிப்பதுதான் அந்தக் காலத்தில் பல ஊர்களில் அபாய மணி. நாசோவில் உள்ள கிரேட் நெக் என்ற ஊரில் 1901-இல் அலர்ட் கம்பெனியும் 1904-இல் விஜிலன்ட் கம்பெனியும் தொடங்கின. இரண்டும் இன்றும் தன்னார்வக் கம்பெனிகளாகவே இயங்குகின்றன. 1947-க்குப் பிறகு லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் உருளைக்கிழங்கு வயல்களின் மேல் நான்கே ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பியபோதும், புதிதாகக் குடிவந்தவர்களேதான் தீயணைக்கும் குழாயைப் பிடித்தார்கள்.

இந்த வரலாற்றில் அழகில்லாத பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. புதியவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பழைய உறுப்பினர்கள் வாக்களிப்பது வழக்கம். அந்த வாக்கைக் கொண்டே கறுப்பினத்தவரையும் பெண்களையும் நெடுங்காலம் வெளியே நிறுத்திய கம்பெனிகள் பல. கதவு திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. திறந்திருக்கும் இந்தக் காலத்தில் நாம் உள்ளே போகாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு 1990 ஜனவரி 25 இரவைச் சொல்வேன். கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து வந்த அவியான்கா நிறுவன விமானம் எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற சின்னஞ்சிறு ஊரில் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்கள் 158 பேர். குறுகலான மலைப்பாதை, இருட்டு, மழை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் உடைந்த விமானத்திலிருந்து ஆட்களை மீட்டெடுத்தார்கள். 73 பேர் இறந்தார்கள், 85 பேர் பிழைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று உயிரிழந்த நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேரிலும், லாங் ஐலண்டில் சொந்த ஊர்க் கம்பெனியில் தன்னார்வலராகவும் இருந்தவர்கள் பலர்.

என் வீட்டுக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு குளிர்கால நள்ளிரவில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி அலறியது. வந்தவர்களில் ஒருவர், நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் வேலை செய்பவர். அடித்தளத்தில் பாய்லரைச் சோதித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, என் மாமியாரைப் போர்வை சுற்றி வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் போனார்கள். காலையில் அந்த மருந்துக்கடை ஊழியர் வழக்கம்போலக் கடைக்குப் போயிருப்பார்.

இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1984-இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 8.98 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தார்கள். 2020-இல் சுமார் 6.77 லட்சம். வேலை தூரத்தில், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, வீட்டு விலையோ எட்டாத உயரத்தில். பழைய குடும்பங்களின் பிள்ளைகள் வேறு மாநிலங்களுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வீடுகளை வாங்கிக் குடிவருகிறவர்களில் நாமும் இருக்கிறோம். ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்தை நாம் நிரப்புவதில்லை. நெருப்போ முன்னைவிட வேகம். இன்றைய செயற்கைப் பஞ்சு சோபா போட்ட அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொள்கிறது. பழைய கால மரமும் பருத்தியும் நிறைந்த அறைக்கு அரை மணி நேரம் போல ஆனது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வாரக்கணக்கில் உழைக்கிற கூட்டம் நம்முடையது. அதில் ஊருக்கு இரண்டு பேர் வந்தாலும் கம்பெனிக்குப் பெரிய பலம். பயிற்சியை அவர்களே தருகிறார்கள். உள்ளே போய் நெருப்போடு போராட முடியாதவர்களுக்கும் ஆம்புலன்ஸ், கணக்கு, நிர்வாகம் என்று வேலை இருக்கிறது. பக்கத்து நிலையத்துக்கு ஒரு மாலை நேரில் போய்க் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கம்பெனிகளில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால் தேடிப் பிடித்து, அவர்களுடைய பேட்டியை அடுத்த இதழ்களில் வெளியிடுங்கள். வீடு வாங்குவது பற்றி மறுபடி கட்டுரை போட்டால், அந்த ஊரின் தீயணைப்புக் கம்பெனி எது, அதில் சேர யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நியூ ஹைட் பார்க், நியூயார்க்.