‘வருதா?’ என்று கத்த ஆளில்லாத கூரை

ஸ்காபரோ,
மே மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் சித்திரை நடுவிலேயே வந்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் நோய் நொடி ஒன்றுமில்லை, கூரை. பேரனின் பிறந்தநாள் படத்தில் வீட்டுக்கு மேலே தெரிந்த கம்பிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “கனடாவுக்குப் போய் இத்தனை வருசமாகியும் உன்னை இந்த அன்ரெனா விடவில்லையா?” என்று கேட்டிருந்தாய். விடவில்லைதான். அந்தக் கதையையே இந்த முறை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது. மனுசி சுகம். மகள் இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கியிருக்கிறாள். அந்த வங்கி வட்டியை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை, அவளுக்கு நன்றாக வருகிறது. ஆவணியில் உன் மகனின் கலியாணத்துக்கு வரத்தான் பார்க்கிறேன்.

சரி, அன்ரெனா. கேபிள் ரீவிக்கு மாதா மாதம் காசு அழுது அலுத்துப்போய், சில வருடங்களுக்கு முன் அதை வெட்டினேன். ரொறன்ரோ நகரத்துக்கு நடுவே 553 மீற்றர் உயரத்தில் சி.என். கோபுரம் நிற்கிறது. வருகிற விருந்தாளிகளுக்கு அது கண்ணாடித் தரையில் நின்று படம் பிடிக்கும் இடம். எனக்கு அது ஒரு பெரிய ஒளிபரப்புக் கம்பம். சீபீசீ, சீரீவி, ஒம்னி எல்லாம் அங்கிருந்து இலவசமாக வருகின்றன. என் வீட்டிலிருந்து தென்மேற்கே 18 கிலோமீற்றர்தான். ஆனால் ருசி இருப்பது ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில். ஒன்ராறியோ ஏரியைத் தாண்டிக் கிட்டத்தட்ட நேர் தெற்கே, சில கோபுரங்கள் 85 கிலோமீற்றரில், சில 135 கிலோமீற்றரில். பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே உள்ளதைவிடத் தூரம். அதைப் பிடிக்கத்தான் எட்டு வண்ணத்துப்பூச்சிகளை வலையில் குத்தி வைத்ததுபோன்ற அந்தப் பெரிய அன்ரெனா. முகம் பஃபலோவைப் பார்க்கிறது. சி.என். கோபுரத்தின் அலைக்குப் பலம் அதிகம், கேட்காமலே பக்கவாட்டால் உள்ளே வந்துவிடும்.

2011 ஓகஸ்ட் 31 அன்று ரொறன்ரோவில் பழைய அனலொக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிற்றலுக்கு மாறினார்கள். படம் கண்ணாடிபோல இருக்கும், வந்தால். போன ஐப்பசியில்தான் அந்த ‘வந்தால்’ தலைகாட்டியது. முதலில் பஃபலோவின் 2ஆம், 4ஆம், 7ஆம் சனல்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. பேசுகிறவரின் வாய் ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமுமாகப் போய், பிறகு ‘சமிக்ஞை இல்லை’ என்ற எழுத்து மட்டும் மிஞ்சியது.

இந்த டிஜிற்றலில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அந்தக் காலத்து அனலொக் படம் தன் வருத்தத்தைத் தானே சொல்லும். புள்ளி புள்ளியாய்ப் பனி கொட்டினால் அலை பலவீனம். ஒரே ஆள் இரண்டு ஆளாய் நிழல் தட்டினால் எங்கேயோ சுவரிலோ தாங்கியிலோ பட்டுத் தெறித்த அலை. மீன் முள்ளைப்போலக் கோடு ஓடினால் வேறொரு கருவி குறுக்கிடுகிறது. பார்த்த உடனே கம்பத்தை உயர்த்துவதா, திருப்புவதா, அயல்வீட்டு மோட்டரை நிறுத்தச் சொல்வதா என்று எங்களுக்குத் தெரியும். டிஜிற்றலில் நோய் எதுவானாலும் அறிகுறி ஒன்றுதான், சதுரம். பிழைகளை ஒரு அளவு வரைக்கும் அது தானே திருத்திக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோலச் சிரிக்கும். அந்த அளவைத் தாண்டினால் ஒரேயடியாய் விழும். பாதிப் படம் என்ற பேச்சே கிடையாது.

எல்லாரும் செய்வதுபோல நானும் முதலில் றிமோட்டை எடுத்து சனல்களை மறுபடி தேடவிட்டேன். அது பெரிய பிழை. அலை வராத நேரத்தில் தேடினால், வராத சனல்களைப் பட்டியலிலிருந்தே ரீவி அழித்துவிடும். இருந்த பஃபலோவும் போய், மனுசி பார்க்கிற 17ஆம் சனலின் சமையல் நிகழ்ச்சியும் போய், வீட்டில் இரண்டு நாள் மௌனம். சனல்கள் அலைவரிசை மாறிய நேரத்தில்தான் மறுதேடல் மருந்து.

அடுத்து பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் பழியைப் போட்டேன். பஃபலோ சனல்கள் வருகிற யூ.எச்.எஃப். என்ற நீளம் குறைந்த அலையை ஈர இலை நன்றாகவே குடிக்கும், அது உண்மை. கார்த்திகையில் மரம் மொட்டையானது, படம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மரத்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மார்கழியில் மருமகன் அன்போடு, அலையைப் பெருக்கும் பூஸ்ரர் ஒன்று வாங்கி வந்தான். “மாமா, அலை பலவீனம், இதைப் பூட்டினால் எல்லாம் சரி” என்றான். அடித்தளத்தில் பூட்டினோம். பஃபலோ வரவில்லை என்பது போக, அதுவரை ஒழுங்காக வந்த சி.என். கோபுரத்துச் சனல்களும் உடையத் தொடங்கின. எனக்கு முதலில் விளங்கவேயில்லை. கூட்டினால் எப்படி மச்சான் குறையும்? நல்லூர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு, தேர்முட்டியடியில் நிற்கும் உன்னோடு கதைக்க முயல்வதாக நினைத்துப் பார். காதில் ஒரு கருவியை மாட்டி எல்லாச் சத்தத்தையும் பத்து மடங்கு ஆக்கினால் உன் குரலா கேட்கும்? காதுதான் அடைக்கும். 18 கிலோமீற்றரில் நிற்கும் கோபுரத்தின் அலையையும் அது சேர்த்துப் பெருக்கியது. சில வருடங்களுக்கு முன் 36ஆம் சனலுக்கு மேலேயிருந்த ரீவி அலைவரிசையில் பெரும்பகுதியைக் கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் நிற்கிற அந்தக் கைபேசிக் கோபுரத்தையும் பூஸ்ரர் விட்டுவைக்கவில்லை. கழற்றி மருமகனிடமே கொடுத்தேன். முகம் கொஞ்சம் வாடியது.

பிறகு ரீவியின் உள்ளே நோண்டி ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அலையின் பலம் ஒரு கோட்டிலும் தரம் இன்னொரு கோட்டிலும் தெரியும். நானும் மருமகனும் இத்தனை நாளும் பலத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூஸ்ரர் பூட்டியிருந்தபோது அது முக்கால்வாசி ஏறியிருந்தது, தரம் தரையில் கிடந்திருக்கிறது.

துப்புக் கிடைத்தது தை மாதத்தில். வெளியே சுழியத்துக்குக் கீழே 15 பாகை, மூக்கு விறைக்கிற குளிர். அன்று பஃபலோ பளிங்குபோல வந்தது! இரண்டு நாள் கழித்து வெயில் எறித்துப் பனி உருகியது, படம் போய்விட்டது. மறுபடி உறைந்தது, மறுபடி வந்தது. நான் நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கினேன். மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். உறைந்தால் வருகிறது, உருகினால் போகிறது என்றால் எங்கேயோ வயருக்குள் தண்ணீர் நிற்கிறது, வேறென்ன? திரவத் தண்ணீர் அலையை விழுங்கும், பனிக்கட்டி அவ்வளவாக விழுங்காது. மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த உறைந்த இறைச்சி ஓரத்தில் கொதித்து நடுவில் கல்லாய்க் கிடப்பது அதனால்தான்.

நோய் தெரிந்தும் மருந்து போட வழியில்லை. பனி மூடிய கூரையில் ஏறினால் விழுவதற்கு முன்பே பிள்ளைகள் கொன்றுவிடுவார்கள். சித்திரை கடைசி வரைக்கும் காத்திருந்தேன்.

பனி போனதும் முதலில் ஏறவில்லை. வயர் சுவரால் இறங்குகிற கோடிப்புறத்துக்குச் சின்ன ரீவியைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குள் போகும் வயரைக் கழற்றிவிட்டு, மேலிருந்து வரும் வயரை நேரே அதில் செருகிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, முழுக்க இல்லை. அப்படியானால் கோளாறு இரண்டு இடத்தில். வீட்டுக்குள் உள்ளது சுலபம். முந்தி கேபிள்காரர் நான்கு அறைக்கும் பிரித்துவிட்ட ஸ்பிளிற்றர் அடித்தளத்தில் இருந்தது. நாங்கள் பாவிப்பதோ இரண்டு ரீவி. நான்காகப் பிரித்தால் சுமார் 7 டெசிபல் போகும், அதாவது ஒவ்வொரு வாசலுக்கும் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டாகப் பிரிப்பதை மாற்றிப் பூட்டினேன், 3.5 டெசிபலோடு போயிற்று.

மற்றது மேலே. மருமகன் ஏணியைப் பிடித்தான். அன்ரெனாவோடு வயர் சேருகிற கொனெக்ரரைத் திருகியதும் இரண்டு சொட்டுத் தண்ணீர் என் கையில் விழுந்தது. செம்பு பச்சை பிடித்து, நடுக்கம்பி கறுத்து, வெளிப்பின்னல் ஊறிய தும்புபோல இருந்தது. என் வேலைதான் மச்சான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பூட்டிய அன்று சாதாரணக் கறுப்பு நாடாவைச் சுற்றி விட்டிருந்தேன். அது வெயிலில் காய்ந்து விரிந்து, நீரை வெளியே விடாமல் உள்ளே தேக்கி வைத்திருக்கிறது. வயரையும் மேலிருந்து நேரே கீழே இழுத்திருந்தேன். இம்முறை ஊறின துண்டை வெட்டியெறிந்து, புது வயரின் முனையை அழுத்திப் பூட்டும் கொனெக்ரர் போட்டு, தானே ஒட்டி ஒன்றாகும் றப்பர் நாடா சுற்றி, வயர் உள்ளே நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டேன். மழை அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும், உள்ளே ஓடாது.

மேலே நின்றபடி வாய் தானாகவே “வருதா?” என்று கத்திவிட்டது. மருமகன் ஏணியடியில் நின்று, “என்ன மாமா வருது?” என்கிறான். அந்தக் காலத்தில் ஊரில் உங்கள் வீட்டுக் கூரையில் நான் அன்ரெனா கட்டிய ஜீ.ஐ. இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்ப, நீ யன்னலில் நிற்க, உள்ளே இருந்து உன் அம்மா “இல்லை… இல்லை… ஆ, நில்லடா, அசையாதே!” என்று சொல்ல, நீ அதை எனக்குக் கத்த, அசையாமல் நின்ற என் தலைக்கு மேலே காகம் வந்து குந்த, கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியச் சனல் போய்விடும். தொண்ணூறில் கரண்ட் நிற்கும் வரைக்கும் எத்தனை பின்னேரம் அப்படிப் போயிருக்கும்! இங்கே ரீவிக்கு முன்னால் நின்று எனக்குச் சொல்ல ஆளில்லை. மனுசி கடைக்குப் போயிருந்தாள்.

கீழே இறங்கிப் பார்த்தேன். 2, 4, 7, 17, 29 எல்லாம் வந்தன. ஒன்பதாம் சனல் மட்டும், அதுவும் சி.என். கோபுரத்திலிருந்து வருவது, இரவில் உடைந்தது. பகலில் சுகம். அது வீ.எச்.எஃப். அலை, நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல். என் வண்ணத்துப்பூச்சிகள் யூ.எச்.எஃப்.க்கு அளவெடுத்துச் செய்தவை, ஒன்பது ஏதோ கோபுரம் கிட்ட நிற்கிற தயவில்தான் வருகிறது. இரவில் ஏன் போகிறது என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தேன். குசினியில் மலிவாக வாங்கிப் போட்ட எல்.ஈ.டி. பல்ப். அதை அணைத்தால் செய்தி வாசிக்கிறவர் வருகிறார், போட்டால் போகிறார். பல்பை மாற்றியாயிற்று.

இன்னொன்று, உனக்காகவே வைத்திருந்தேன். இங்கே கோடைக்காலத்துச் சில காலைகளில் ஏரியில் காற்று அசையாமல் கிடந்தால், நான் அன்ரெனாவைத் திருப்பாமலே, ஏரிக்கு அந்தப் பக்கத்து ரொசெஸ்ரர் நகரத்துச் சனல்கள் வந்து நிற்கும். குளிர்ந்த நீருக்கு மேலே குளிர்ந்த ஈரக்காற்று, அதற்கு மேலே சூடான வரண்ட காற்று. இரண்டுக்கும் இடையில், வானத்துக்குப் போகவேண்டிய அலை வளைந்து நீரோடு நீராகவே வந்துவிடுகிறது. படித்ததும் எனக்கு உங்கள் வீட்டு விறாந்தைதான் நினைவுக்கு வந்தது. காற்று விழுந்த புழுக்க இரவுகளில் இந்தியா எவ்வளவு துல்லியமாக வந்தது! நீ அதை நான் கம்பத்தைத் திருப்பிய கெட்டித்தனம் என்றாய், நானும் மறுக்கவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், பாக்கு நீரிணையின் வேலையாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் குழாய் இன்னும் உங்கள் கிணற்றடியில் கிடக்கிறதா? கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் கொண்டுபோக முதல் ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அசையாதே என்று அவர் கத்தியதை நான் மறக்கவில்லை என்றும் சொல்.

என்றும் உன்
மச்சான்