ஸ்ட்ரீமர் வாங்கப் போகிறீர்களா? பென் டிரைவோடு போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் சேர்ந்து கிடக்கும் சி.டி.க்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கேட்பதற்கு மியூசிக் ஸ்ட்ரீமர் (டிஸ்க்கிலோ இணையத்திலோ உள்ள பாட்டை எடுத்துப் பாடும் பெட்டி) தேடுகிறவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் சொல்வது இரண்டு சங்கதி: எத்தனை இணைய இசைச் சேவைகள் உள்ளே இருக்கின்றன, டி.ஏ.சி. (டிஜிட்டல் ஃபைலைக் கேட்கும் ஒலியாக மாற்றும் பகுதி) எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று. சொந்தச் சேகரிப்பு வைத்திருப்பவருக்கு இரண்டாலும் பெரிய பயன் இல்லை. சி.டி.யில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், அதற்குத் திணறும் ஸ்ட்ரீமர் இன்று தேடினாலும் கிடைக்காது. நம் டிஸ்க்கில் உள்ள ஐயாயிரம், இருபதாயிரம் பாட்டுகளை அந்தப் பெட்டி எப்படிப் படிக்கிறது, எப்படி அடுக்கிக் காட்டுகிறது, இணையம் அறுந்தாலும் பாடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு 32 ஜி.பி. பென் டிரைவ் போதும். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்து, ஆலாபனை ஒரு டிராக்காகவும் கிருதி அடுத்த டிராக்காகவும் பிரிந்திருக்கும் கச்சேரி ஒன்று, ஐந்தாறு பாடகர்கள் பாடிய சினிமாப் படத்தின் முழு ஆல்பம் ஒன்று, பெயர்கள் தமிழ் எழுத்தில் உள்ள ஆல்பம் ஒன்று ஆகியவற்றை அதில் போட்டுக்கொள்ளுங்கள். கச்சேரி கட்டாயம் ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் முறை) வடிவில் இருக்கட்டும். எம்.பி.3 வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

முதல் சோதனை கச்சேரிதான். ஆலாபனையின் கடைசி அரை நிமிடத்துக்கு நகர்த்தி, கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பாடகர் சட்ஜத்தில் வந்து நிற்பார், வயலின் அடங்கும், தம்புரா மட்டும் ஓடும். அந்த இடத்தில்தான் டிராக் மாறும். நல்ல பெட்டியில் மாறியதே தெரியாது. மற்றதில் தம்புரா அறுந்து, அரை நொடி வெறுமை வந்து, மறுபடி ஒட்டும். ராகம், தானம், பல்லவி எனப் பிரித்த சி.டி.யில் இது ஒவ்வொரு பிரிவிலும் நடக்கும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே வெட்டியிருந்தால் தாளமே சிதறும். ஒரு ஃபைல் முடிந்த பிறகுதான் பெட்டி அடுத்ததைத் தேடிப் போகிறது என்பதே இதற்குக் காரணம். டி.எல்.என்.ஏ., யு.பி.என்.பி. (வீட்டு நெட்வொர்க்கில் வேறொரு சாதனத்திலிருந்து பாட்டை வாங்கும் முறைகள்) வழியாகப் பாடும் பெட்டிகள், அடுத்த டிராக்கின் முகவரியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி எல்லாவற்றிலும் இல்லை. அந்த வசதி பெட்டியில் இருந்தும், அதைப் போனிலிருந்து ஓட்டுகிற செயலியில் இல்லாமல் போனாலும் இதே கதிதான். எம்.பி.3 ஃபைலுக்கோ இயல்பிலேயே தலையிலும் வாலிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடும், ஏனென்றால் அது ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கித்தான் சேமிக்கிறது. அதைக் கொண்டு சோதித்தால் குற்றம் பெட்டியிலா ஃபைலிலா என்று தெரியாது. கடையில் ‘கிராஸ்ஃபேட்’ போட்டுக் காட்டி, சரியாகிவிட்டது என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது ஒரு டிராக்கின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பூசுகிறது. கச்சேரிக்கு இடைவெளியைவிட அது கெடுதல்.

சினிமா ஆல்பத்தில் வேறு சிக்கல். ஒரே படத்தின் ஆறு பாட்டுகள் ஆறு தனி ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கும். பெட்டியைத் திட்டுவதற்கு முன், ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கும் டேக் விவரங்களைப் பாருங்கள். ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர் பெயர் பாட்டுக்குப் பாட்டு மாறும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனியாக ஓர் இடம் உண்டு, அது காலியாக இருந்தால்தான் இப்படிச் சிதறுகிறது. ஆறு பாட்டுக்கும் அதில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்பினால் ஆல்பம் ஒன்றாகிவிடும். முன்னெழுத்துக்குப் பின் ஓரிடத்தில் புள்ளி வைத்து ஓரிடத்தில் விட்டால்கூட மிஷினுக்கு அவர் இரண்டு பேர். எம்.பி.3டேக் என்ற மென்பொருளில் நூறு ஃபைலை ஒன்றாகத் தேர்ந்து ஒரே தடவையில் மாற்றலாம். நிரப்பிய பிறகும் சிதறினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

தமிழ்ப் பெயர்களைச் செயலியில் மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், பெட்டியின் சொந்தத் திரையிலும் பாருங்கள். போனில் ஒழுங்காகத் தெரியும் ‘பைரவி’, சில பெட்டிகளின் திரையில் வெறும் கட்டங்களாக வரும். இன்னும் சிலவற்றில் ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு, ப-வைத் தாண்டிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துரு இல்லாதது முதல் குறை. எழுத்துரு இருந்தும் எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கத் தெரியாதது இரண்டாவது. தேடலில் ‘தோடி’ என்று அடித்தும் பாருங்கள். ‘தோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் டேக்கில் ஒரு விதமாகவும் தேடலில் ஒரு விதமாகவும் இருந்தால், எதிரிலேயே இருக்கும் பாட்டை ‘இல்லை’ என்று சொல்லும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய டேக்குகள் எந்தப் பெட்டியிலும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். அவற்றை மாற்றி எழுதுவதைத் தவிர வழியில்லை. ஃபைல், ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்திலும், டேக்குகளைத் தமிழிலும் வைப்பது தொல்லை குறைந்த ஏற்பாடு. டிராக் எண்ணை 01, 02 என்று எழுதுங்கள். 1, 2 என்று எழுதினால் சில பெட்டிகள் 1-க்கு அடுத்து 10-ஐப் பாடும்.

ராகவாரியாகத் தேட வேண்டுமா? பெரும்பாலான செயலிகளில் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜானர், கம்போசர் என்ற பட்டியலோடு சரி. மினிம்சர்வர் என்ற சர்வர் மென்பொருளில் (பாட்டுகளை அடுக்கி ஸ்ட்ரீமருக்கு அனுப்புவது) நாமே ‘ராகா’ என்று ஒரு டேக் உருவாக்கி அதன்படி அடுக்கச் சொல்லலாம். அந்த வேலையெல்லாம் முடியாது என்பவர்கள் பாட்டின் பெயரை அடுத்து ராகத்தையும் தாளத்தையும் எழுதிவிட்டால், சாதாரணத் தேடலிலேயே அகப்படும்.

அடுத்து, ரவுட்டரை அணைக்காமல் அதற்கு வரும் இணைய ஒயரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். நம் டிஸ்க்கில் உள்ள பாட்டைப் பாடவும் லாகின் கேட்டால் அதை வாங்காதீர்கள். தயாரித்தவர் சர்வரை மூடும் நாளில் அது வெறும் டப்பா. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பழைய ஸ்ட்ரீமர்களின் கதை இதற்கு நேர் எதிரானது. அவற்றைத் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை லாஜிடெக் 2006-இல் வாங்கி, 2012-இல் தயாரிப்பை நிறுத்தியது. அவற்றுக்கான இணையச் சேவையும் 2024-இல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இன்றும் வீடுகளில் பாடுகின்றன, ஏனென்றால் அவற்றுக்குப் பாட்டு அனுப்பும் சர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றி எழுதலாம். லிரியான் என்ற பெயரில் ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள்.

அணைத்துப் போடும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும். சில பெட்டிகள் ஒவ்வொரு முறையும் டிஸ்க் முழுவதையும் புதிதாகப் படித்துப் பட்டியல் போடும். பென் டிரைவில் அது கண் சிமிட்டும் நேரம். 20,000 பாட்டில் அப்படியல்ல. நம் ஊரில் கரண்ட் போய் இன்வர்ட்டர் பிடிக்கும் அந்த இமைப்பொழுதில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பட்டியலைச் சேமித்து வைக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்கை எங்கே வைப்பது? 74 நிமிட சி.டி. ஒன்று ஃபிளாக்கில் ஏறத்தாழ 300 முதல் 450 எம்.பி. வரை பிடிக்கும், 500 சி.டி. என்றாலும் 200 ஜி.பி. சுற்றில் அடங்கும். ஒரே வீட்டில் ஒரே இடத்தில் கேட்பவருக்குப் பெட்டியின் யு.எஸ்.பி.யில் நேராகச் செருகுவதே போதும், என்.ஏ.எஸ். (நெட்வொர்க்கில் இணைக்கும் தனி டிஸ்க் பெட்டி) தேவையில்லை. ஆனால் பழைய யு.எஸ்.பி. 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். டிக், டிக் என்று சத்தம் வந்து டிஸ்க் காணாமல் போனால், டிஸ்க் கெட்டது என்று முடிவுகட்டும் முன் கரண்ட் போதவில்லையா என்று பாருங்கள். தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்று போடுங்கள், அல்லது சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள்.

என்.ஏ.எஸ். வைத்திருப்பவர்கள், பெட்டி எந்த எஸ்.எம்.பி. (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) பதிப்பில் பேசும் என்று கேட்க வேண்டும். பழைய ஸ்ட்ரீமர்களுக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும். பாதுகாப்புக் குறையால் புதிய விண்டோஸும் என்.ஏ.எஸ்.களும் அதை மூடி வைத்திருக்கின்றன. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஃபோல்டர் தெரியாமல் போவது இதனால்தான். அதற்காக அதைத் திறந்துவிடாதீர்கள், என்.ஏ.எஸ்.ஸில் ஒரு யு.பி.என்.பி. சர்வரை நிறுவி அதன் வழியாகப் பாடவைக்கலாம்.

கையால் சின்ன வேலை செய்யத் தயங்காதவருக்கு எங்கள் பரிந்துரை ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிதான். 2 ஜி.பி. மாடல் தாராளம். மேலே ஒரு டி.ஏ.சி. பலகை, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், மைக்ரோ எஸ்.டி. கார்டில் பைகோர்பிளேயர் என்ற பாட்டு மென்பொருள். போன் சார்ஜரை மாட்டினால் வோல்டேஜ் இறங்கிப் பாட்டு விட்டுவிட்டு வரும். பைகோர்பிளேயர் முழுவதும் ரேமில் ஓடுவதால், சட்டென்று கரண்ட் போனாலும் கார்டு கெடுவதில்லை. பாட்டு டிஸ்க்கையும் அதிலேயே செருகினால் ‘படிக்க மட்டும்’ என்று அமைத்துவிடுங்கள், எழுதும் நேரத்தில் கரண்ட் போய் எக்ஸ்ஃபாட் டிஸ்க் குழம்பும் ஆபத்து இருக்காது.

எந்தப் பெட்டி வாங்கினாலும் அதில் செருகிய டிஸ்க் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. இன்னொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். சி.டி.க்களை மறுபடி ஏற்றிவிடலாம், ஆனால் மாதக்கணக்கில் திருத்திய டேக்குகள் அதோடு திரும்பி வராது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சிக்கு வைத்திருக்கும் ஸ்ட்ரீமரில் வாடிக்கையாளரின் பென் டிரைவைச் செருகப் பத்து நிமிடம் அனுமதியுங்கள். இப்போது பல கடைகளில் வைரஸ் என்று காரணம் சொல்லி மறுக்கிறார்கள். பாட்டு ஃபைலை மட்டும் படிக்கும் ஸ்ட்ரீமரில் அந்தப் பயத்துக்குப் பெரிதாக இடமில்லை.

இப்படிக்கு,
ஒலிச் சேகரிப்பு வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி