எதிர்பார்த்தது வைரஸ், கிடைத்தது புரதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஸ்டான்லி புருசினர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பிரியான் என்ற, நோய் பரப்பும் புரதத்தைக் கண்டறிந்ததற்காக 1997-இல் நீங்கள் தனியாக வாங்கிய நோபல் பரிசில்தான் தொடங்குகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய காலம், எலிகள் நோயில் விழும்வரை நாள் எண்ணிக்கொண்டிருந்தீர்களே, அது.

1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, மூளையை வேகமாகச் சிதைக்கும் அரிய நோயான கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் கண்ட ஒரு பெண்ணைப் பார்த்தீர்கள். நினைவு போய்க்கொண்டிருந்தது, அன்றாட வேலைகூட முடியவில்லை. தொற்றி வெகுகாலம் கழித்தே நோயைக் காட்டும் ‘மெதுவான வைரஸ்’தான் காரணம் என்றார்கள். அதைப் பிடித்துவிடலாம் என்று, அதே வகை நோயான செம்மறி ஆடுகளின் ஸ்கிரேப்பியைக் கையிலெடுத்தீர்கள்.

நோயுற்ற மூளையின் சாற்றிலிருந்து நோய்க்காரணியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இப்படிச் சுத்திகரிப்பு வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் பாடு புரியும். ஒவ்வொரு படியிலும் தேடும் பொருள் எந்தக் குழாயில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நொதி என்றால் அன்று மாலையே தெரிந்துவிடும். உங்களுக்கோ மூளைச்சாற்றை எலிக்குச் செலுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பு. ஹாம்ஸ்டருக்கு மாறியதும் அது ஏறக்குறைய 70 நாளாகக் குறைந்தது. எத்தனை நாளில் நோய் வருகிறது என்பதை வைத்தே சாற்றின் வீரியத்தையும் கணக்கிட்டீர்கள். என்னைக் கேட்டால், பாதி நோபல் அந்த ஹாம்ஸ்டருக்குச் சேர வேண்டும்.

அப்புறம்தான் குழப்பம். சாற்றில் புரதம் இருந்தது, மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலம் அகப்படவில்லை. மரபணு இல்லாமல் எது பெருகும்? நிதி நின்றது. நிரந்தரப் பதவி கிடையாது என்றார்கள், பிறகு மனம் மாறினார்கள். 1982-இல் ‘பிரியான்’ என்று பெயரிட்டீர்கள். கோபிக்க வேண்டாம், அந்தப் புரதம் இன்னதென்று பிடிபடுமுன்பே பெயர் சூட்டியது கொஞ்சம் அவசரம்தான்.

ஆனால் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் புரதத்துக்கான மரபணு நோயற்ற விலங்குகளிலும் இருப்பது 1985-இல் தெரிந்தது. உடலின் சொந்தப் புரதமே தவறாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல் மடிய வைக்கிறது. 1993-இல், அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஸ்கிரேப்பி வரவில்லை என்று சார்லஸ் வைஸ்மன் குழு காட்டியது.

இப்போது அல்சைமர், பார்க்கின்சன் நோய்களின் புரதங்களையும் பிரியான் என்கிறீர்கள். மூளைக்குள் அவை பரவும் விதம் ஒத்துப்போகிறது, சரி. ஆனால் நோயாளியின் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் “எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?” என்றுதானே கேட்பார்கள்? அன்றாடம் கூட இருந்து கவனிப்பதால் ஒட்டாது என்பதை, இந்தப் பெயரையும் விடாமல், அவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?

அன்புடன்,
ஒரு பழைய சோதனைக்கூடத்துக்காரன்