‘போஸ்டர்தான்ப்பா கிடைச்சிருக்கு’

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் மெஷின் ஓடும்போது நீ பேசுவது எனக்குக் கேட்காது, வீட்டுக்கு வந்துவிட்டால் அம்மா போனைக் கையை விட்டு இறக்க மாட்டாள். அதனால் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வியன்னா மாநாட்டைப் பற்றி நீ சொன்னாயே, “பேசத்தான் கேட்டிருந்தேன், போஸ்டர்தான்ப்பா கிடைச்சிருக்கு” என்று. மேடையில் பேச்சு இல்லை, ஆராய்ச்சியைப் போஸ்டராக மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும், அதானே. அந்த இரண்டாவது ‘தான்’ எனக்குக் கொஞ்சம் உறுத்திவிட்டது. முப்பது வருடமாகப் போஸ்டர் அடித்துத்தானே உன்னை ரூர்க்கி வரைக்கும் படிக்க அனுப்பியிருக்கிறேன்? கோபமெல்லாம் இல்லை. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்து நினைத்துச் சிரித்தேன். அம்மா என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை.

மாட்டுப்பொங்கல் அன்று மொட்டை மாடியில் நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. வியன்னாவில் மதியம் ஒரு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரை, அதற்குள் அனுப்பியாக வேண்டும் என்றாய். ஐநூறு வார்த்தைக்குள் ஆராய்ச்சிச் சுருக்கம் எழுத வேண்டும், உன்னுடையது அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றது. ஐந்து மணிக்கு உன் கார்டு வெளிநாட்டுக்குப் போகவில்லை என்று என் கார்டைக் கேட்டாய். ஓடிபி வந்த போன் கீழே சார்ஜில் கிடந்தது. படிக்கட்டில் நான் இறங்கிய வேகத்தைப் பார்த்து உன் சித்தப்பா யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். அப்படி அனுப்பிய சுருக்கம். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால்கூட கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று பிறகுதான் சொன்னாய். இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதில் போய் ஒரு ‘தான்’.

நம் கடைக்கு வருகிற கல்லூரி சார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் கருத்தரங்கு நேரத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். அவர் ஒரு கதை சொன்னார். 1991 டிசம்பரில் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு. ஒரு வார்த்தையைத் தொட்டால் இன்னொரு பக்கத்துக்குப் போகிற எழுத்துக்குத்தான் அந்தப் பெயராம். அதற்கு டிம் பெர்னர்ஸ் லீ ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். வேர்ல்ட் வைட் வெப், அதாவது நீ நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறாயே, அந்த வலைதான் விஷயம். அதை உருவாக்கியவரே அவர்தான். கட்டுரையை வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டுமானால் ஒரு மேஜை தருகிறோம், வருகிறவர்களுக்குச் செய்து காட்டு என்றார்களாம். அங்கே இணைய இணைப்புக்கூட இல்லை, தொலைபேசிக் கம்பி வழியாக ஏற்பாடு செய்துதான் காட்டியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அதே மாநாட்டில் மேஜைக்கு மேஜை பெரும்பாலும் வலையைப் பற்றித்தான் காட்டினார்களாம். உன் கண்மாய் ஆராய்ச்சி அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, தாயி. மேடை கிடைக்காதவனுக்கும் மேஜை இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

இன்னொன்று, கணக்கு போட்டுப் பார். பேச்சு என்றால் பத்து நிமிடம், கேள்வியும் அதற்குள்ளேயே. போஸ்டர் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். 2024இல் அந்த மாநாட்டுக்கு நேரில் மட்டும் 18,000 பேருக்கு மேல் வந்தார்களாம். அத்தனை பேரில் கண்மாய் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். மேடையில் நீ பேசும்போது அந்த இருபது பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முகம்கூட உனக்குத் தெரியாது. போஸ்டர் என்றால் ஒவ்வொருவராக உன்னிடம் வருவார்கள். நான் ஒட்டுகிற போஸ்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒட்டிவிட்டு வந்தால் அதன் கதி சுவருக்கும் மாட்டுக்கும்தான் தெரியும்.

சரி, இனி தொழில் பேச்சு.

நீ அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். நம் டிசைனர் தம்பியும் பார்த்தான். அவன் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: அது போஸ்டர் இல்லை, தினசரிப் பேப்பரின் டெண்டர் பக்கம். தலைப்பே மூன்று வரி. அதற்குக் கீழே முன்னுரை, நோக்கம், முறை என்று பத்தி பத்தியாக. நடந்து போகிறவன் எதற்காக நிற்க வேண்டும்?

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நினைத்துப் பார். முகம், பெயர், தேதி. இந்த மூன்றும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியும். தெரிந்தவர் என்றால்தான் பஸ்ஸுக்குப் போகிறவன் கிட்டே வந்து, எப்போது எடுக்கிறார்கள், யார் யார் பெயர் போட்டிருக்கிறது என்று பொடி எழுத்தைப் படிப்பான். 2019இல் மைக் மோரிசன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், மாநாட்டுப் போஸ்டரின் நடுவில் கண்டுபிடித்ததை ஒரே வரியில் பெரிதாகப் போடுங்கள், மீதியை ஓரத்தில் ஒதுக்குங்கள் என்று வீடியோ போட்டாராம். உலகமே பேசியது என்று தம்பி எனக்குக் காட்டினான். மதுரையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதுதானே இருக்கிறது என்றேன்.

நீ என்ன கண்டுபிடித்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டிருப்பதால் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் தெரியாது. ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், அதனால் சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் படத்தை எடுத்துக்கொண்டாய். எது எதற்குப் பிறகு நிரம்புகிறது என்ற வரிசை கிடைத்தது. சில இடத்தில் அந்த வரிசை அறுந்து போகிறது, போய்ப் பார்த்தால் வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். இதுதானே? இதில் எந்த வரியைக் கேட்டால் உன் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வருவார்? அந்த வரியை நடுவில் போடு. ‘தண்ணீர் எந்தக் கண்மாயோடு நின்றுவிடுகிறது என்று வானத்திலிருந்து சொல்ல முடியும்.’ இது மாதிரி. இங்கிலீஷில் எப்படி வரும் என்று நீ பார்த்துக்கொள். சென்டினலைப் பற்றி நீ எழுதியிருக்கும் இரண்டு பத்தியைத் தூக்கிவிடு. அங்கே வருகிறவர்களுக்கு அது தெரியும். மறுகால்தான் தெரியாது.

எழுத்து அளவு: ஒரு இன்ச் உயர எழுத்தைப் பத்தடியில் சிரமமில்லாமல் படிக்கலாம். இது போர்டு எழுதுகிற காலத்திலிருந்து வரும் கணக்கு. நடுவில் வரும் வரி அதற்குக் குறையவே கூடாது. உள் விவரம் 24 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கினால் நான் அடிக்க மாட்டேன்.

நிறம்: உன் மேப்பில் நிரம்பியதற்குப் பச்சை, நிரம்பாததற்குச் சிவப்பு. அந்த ஊர் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று கல்லூரி சார்தான் சொன்னார். நீலமும் ஆரஞ்சுமாக மாற்று. ஸ்கிரீனில் பளீரென்று தெரிகிற அந்த நீலம் அச்சில் மங்கித்தான் வரும், பிறகு என்னிடம் சண்டைக்கு வராதே. சிஎம்ஒய்கே-வுக்கு, அதாவது அச்சு மையின் நிறக் கணக்குக்கு, மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்பு.

படம்: மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருக்கிறாய். பெரிதாக்கினால் கண்மாய்க் கரையெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கிறது. அடிக்கிற அளவுக்கு 150 டிபிஐயாவது, அதாவது இன்ச்சுக்கு 150 புள்ளியாவது, இருக்கிற மாதிரி மூலப் படத்திலிருந்து எடு. பிடிஎஃப்பாக, ஃபான்ட்டையும் ஃபைலுக்குள்ளேயே சேர்த்து (எம்பெட் பண்ணி) அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, அது நசுக்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பு, இல்லையென்றால் மெயில்.

அளவு விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. நாலைந்து வருடம் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்தார், பதினொரு மணிக்கு ரயில். ஏ-ஜீரோ அளவு என்றார். நிமிர்ந்த வாக்கிலா, படுத்த வாக்கிலா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஃபைல் நிமிர்ந்து இருந்தது, அப்படியே அடித்துக் கொடுத்தேன். பலகை அங்கே படுத்த வாக்கில் இருந்திருக்கிறது. கீழே தொங்கிய துண்டில்தான் முடிவுரை. குனிந்து படித்தவர்களை எண்ணினேன், மூன்று பேர் என்று ஊர் திரும்பியதும் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

அதனால் நீ அனுப்பிய விதிமுறையைத் தம்பியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். உன் பலகையும் படுத்த வாக்குதான். ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். ஏ-ஜீரோ என்பது 841க்கு 1189 மில்லிமீட்டர். நீ செய்திருக்கிற மாதிரி நிமிர்த்தி வைத்தால் 19 சென்டிமீட்டர் கீழே தொங்கும். திருப்பிப் போடு.

துணியில் அடித்துத் தருகிறேன். பேப்பர் என்றால் குழாயில் சுருட்டி விமானத்தில் கையிலேயே வைத்திருக்க வேண்டும், எங்கேயாவது மறந்து வைத்துவிடுவாய். குடையை எத்தனை தடவை தொலைத்திருக்கிறாய்? துணி என்றால் சேலை மாதிரி மடித்துப் பெட்டியில் போடலாம். சுருக்கம் இருந்தால் அங்கே போனதும் குளியலறையில் வெந்நீர் ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிடு. அங்கேயே அடித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் கைடு இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகச் சொன்னார் என்றாயே, அதுவும் சரிதான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிறவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் இடம், நாள், நேரம் சொல்லிவிடுவார். ஆனால் அவர் மாதிரி எல்லோருக்கும் ஒன்றையே ஒப்பிக்காதே. வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் கேள். ரேடார் ஆள் என்றால் ரேடாரைச் சொல், தண்ணீர் ஆள் என்றால் கருவேலத்தைச் சொல். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் நோட்டில் எழுதிக்கொள், அவர் மெயிலையும் வாங்கி வைத்துக்கொள். போஸ்டரை மறைத்துக்கொண்டு நடுவில் நிற்காதே, ஓரமாக நில். போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

அம்மா இரண்டு விஷயம் கேட்கச் சொன்னாள். அங்கே அந்த மாதத்தில் குளிருமா, பருப்புப் பொடியை விமானத்தில் விடுவார்களா. இரண்டாவது கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னாலும் அரைக் கிலோ அரைக்கப் போகிறாள். ஏற்கெனவே துவரம்பருப்பு வறுத்தாகிவிட்டது.

சித்திரைத் திருவிழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பங்குனி முடிவதற்குள் உன் ஃபைல் வந்துவிட வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெஷினுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் ஒரு முழம் மட்டும் அடித்து, நீலம் எப்படி வந்திருக்கிறது என்று வீடியோ காலில் காட்டுகிறேன். நீ சரி என்று சொன்ன பிறகுதான் முழுதாக ஓடும். தூங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா