எனக்கு ஒரு சாம்பார் வாளி கொடுங்கள்

அன்புள்ள ஆண்டிறுதி விருந்துக் குழுவினருக்கு,

வணக்கம். சம்பளப் பிரிவில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் எழுதுகிறேன். குழுவில் ஐந்து பேரில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் எனக்கு மரியாதை வருகிறது, மனசு வருவதில்லை. மற்ற இருவருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அழைப்பு பார்த்தேன். இந்த வருடமும் கடற்கரை ஓட்டல், வெள்ளை உடை, சேகா ஆட்டம்பாட்டம், நள்ளிரவு வரை. கடைசி வரியில் “எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்”, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. (வெள்ளை உடை பற்றி வீடியோவில் அம்மாவிடம் சொன்னபோது, “நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி வெள்ளை?” என்றாள். அது வேறு கதை.) பொம்மை சிரித்தது, கூட்டத்தில் கூசிப்போகும் எனக்கு வயிறு புரண்டது. மொரீஷியஸுக்கு வந்து ஒன்பது வருடம். கொரோனா காலத்தைக் கழித்துவிட்டால், ஒவ்வொரு டிசம்பரும் இதே புரட்டல்தான். அந்தக் கொரோனா டிசம்பரில் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று வெளியே சொல்லவும் வழியில்லை.

இத்தனைக்கும் டிசம்பர் எனக்குப் பிடித்த மாதம். சாலையோரம் லிச்சிக் குலைகள் தொங்கும், மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். உங்கள் எல்லோருடைய போனஸையும் கணக்குப் போடுவதே நான்தான். 75 சதவீதம் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாள் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வீட்டுக்கடன் பிடித்தம் முடிந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் மேல் பிரியம் இல்லாதவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்கு எபேனில் நம் ஆபீஸ் வாசலிலிருந்து ஒரே பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றினீர்கள். திரும்பும் பஸ் பன்னிரண்டு மணிக்கு. ஒன்பது மணி வரை எப்படியோ சமாளித்தேன். கையில் ஒரு எலுமிச்சை சோடா, முகத்தில் ஒரு புன்னகை. அப்போதுதான் மைக்கில் என் பெயர் கேட்டது. “வாயே திறக்காத நம்ம சம்பளப் பிரிவு அக்கா இப்ப ஆடப் போறாங்க!” இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். முழு ஓட்டலும் கைதட்டியது. இரண்டு நிமிடம் ஆடினேனா, நடந்தேனா, தெரியவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, “நல்லா என்ஜாய் பண்ணீங்களேக்கா” என்று இன்றும் சொல்கிறார்கள்.

சேகா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சேகாவுக்கு அடிக்கும் ரவான் மேளத்தின் தோலை நெருப்பில் வாட்டி இறுக்கும்போது, ஊரில் பறையைக் காய்ச்சுவதுதான் நினைவுக்கு வரும். அடிமைப்பட்டிருந்த மக்கள் உண்டாக்கிய இசை. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஓர் ஓரமாக உட்கார்ந்து விடியும்வரை கேட்பேன். கேட்பதும் கலந்துகொள்வதுதானே?

அன்று கழிவறையில் இருபது நிமிடம் நின்றேன். கை உலர்த்தும் பெட்டியில் எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு. அப்புறம் வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். பஸ் ஓட்டி வந்த பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்து லிச்சி உரித்துக்கொண்டிருந்தார். “கி மன்யேர்?” என்றார், எப்படி இருக்கே என்று. “நல்லா இருக்கேன் தோந்தோன்” என்று எனக்குத் தெரிந்த கிரியோலில், இந்தத் தீவின் பேச்சுமொழியில், சொன்னேன். (தோந்தோன் என்றால் மாமா.) ஒரு கொத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த இரவில் நான் நிம்மதியாக இருந்தது அங்கேதான்.

“உன்னை யாரும் பார்க்கலைக்கா, நீயா நினைச்சுக்கறே” என்று ஒரு தம்பி ஆறுதல் சொன்னான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. போட்டுக்கொள்ளக் கூச்சமான ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையை மாணவர்களுக்கு மாட்டி, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். நல்ல செய்தி. ஆனால் தம்பி, அந்த மாணவர்களின் பெயரை யாரும் மைக்கில் சொல்லவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஏப்ரலில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பெண் போன வாரம் என் மேசைக்கு வந்து, “அக்கா, போகலைன்னா ஏதாவது நினைப்பாங்களா?” என்று கேட்டாள். ஒன்பது வருடம் முன்னால் நான் யாரிடமாவது கேட்க நினைத்து, கேட்காமலே விட்ட கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தாமதமாகப் போகாதே, சீக்கிரம் போய்விடு. நாலு பேர் இருக்கும்போது ஐந்தாவதாகச் சேர்வது சுலபம். வட்டம் கூடி மூடிய பிறகு நுழைவதுதான் கஷ்டம். எல்லோரிடமும் பேச வேண்டாம், இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள். பேச்சு வரவில்லையா, சாப்பாட்டைப் பற்றிக் கேள். இந்தத் தீவில் காத்தோ பிமான் எந்தக் கடையில் நல்லது என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடும். (நம்ம பருப்பு வடைதான், சின்னதாக.) கிளம்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொள். இதைச் சொன்னதும், “எப்படிக்கா கிளம்புறது, பஸ்ஸு பன்னெண்டுக்குத்தானே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இனி வாளி விஷயத்துக்கு வருகிறேன். போன தைப்பூசக் காவடி அன்று கோயிலில் என்னைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வாழையிலையில் ஏழு கறி போட்டுப் பந்தி பந்தியாகச் சாப்பாடு. நான் இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு வாளியும் கரண்டியுமாக மூன்று பந்தி ஓடினேன். எத்தனை நூறு பேர் என்று எண்ணவில்லை. முக்கால்வாசிப் பேர் முன்பின் தெரியாதவர்கள். ஒரு பயமும் இல்லை. “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது எல்லோரிடமும் பேசிவிட்டது போல இருந்தது.

நம் கல்யாண வீடுகளில் எப்போதும் இப்படித்தான். பேச்சு வராத சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரை யாரும் மேடைக்கு இழுப்பதில்லை. தண்ணீர் செம்பு அவர் கையில் இருக்கும், இல்லை பந்திப் பாய் விரிப்பது அவர் பொறுப்பு. ஆபீஸ் பார்ட்டியில் அந்தச் சித்தப்பாவுக்குக் கொடுக்க ஒரு கண்ணாடிக் கோப்பைதான் இருக்கிறது.

அந்தக் கோப்பையைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. இங்கிலாந்தில் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1995-ல் எழுதினார்கள்: கூச்சம் முற்றியவரின் கவனம் முழுக்க உள்பக்கம் திரும்பிவிடுகிறது, கை நடுங்குகிறதா, குரல் கம்முகிறதா என்று தன்னையே வேவு பார்க்கிறார், கோப்பையை இறுக்கிப் பிடிப்பது போன்ற தற்காப்புகள் அந்தப் பயத்தைப் போகவிடாமல் வைத்திருக்கின்றன. எனக்கு அப்படியே பொருந்துகிறது. வாளி வந்ததும் என் கண் அடுத்தவர் இலைக்குப் போய்விடுகிறது. இதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். ஒளிந்தபடியே மூன்று பந்தி சோறு போட்டிருக்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். விருந்தில் வேலைகளைப் பங்கு போட்டு, வேண்டியவர்கள் பெயர் கொடுக்கட்டும் என்று விடுங்கள்: படம் எடுக்க, பரிசு அடுக்க, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, பரிமாற. ஒன்பது மணிக்கு ஒரு வேன் கிளம்பட்டும். அந்த நேரத்தில் கடற்கரையிலிருந்து பஸ் பிடித்து மேட்டுக்கு ஏறுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். வேனில் ஏறுபவர்களை “அதுக்குள்ளவா?” என்று யாரும் கேட்க வேண்டாம். மைக் பிடிப்பவர் கை தூக்கியவர்களை மட்டும் அழைக்கட்டும். “ஏன் குடிக்கலை?” என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். ஒருவர் மருந்து சாப்பிடுவார், ஒருவர் மார்கழி பிறந்துவிட்டது என்பார், ஒருவருக்குச் சும்மாவே வேண்டாம். அந்தச் “சும்மா”வும் போதுமான காரணம்தான்.

முக்கியமாக, “கட்டாயம்” என்ற அந்தச் சொல். வராதவர்களின் பெயர் மேலதிகாரி காதுக்குப் போகும் என்று புதிதாக வந்த பிள்ளைகள் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை என்றால் ஒரு வரியில் எழுதிப் போடுங்கள். உண்மை என்றால் அது விருந்தே இல்லை, கூடுதல் வேலை நேரம். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் போடுவதும் நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு வருடமாவது மத்தியானச் சாப்பாடாக வைத்துப் பார்க்கலாமா? நம் மாடியிலேயே, வாழையிலையில். இலை கட்டு நான் ரோஸ் ஹில் சந்தையில் வாங்கி வருகிறேன்.

நீங்கள் எதை முடிவு செய்தாலும் இந்த முறை வருகிறேன். ஆறு மணிக்கு முதல் ஆளாக இருப்பேன். மதுரைப் பெண்ணும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது மணி வேனில் எங்களுக்கு இரண்டு இடம் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
சம்பளப் பிரிவிலிருந்து உங்கள் அக்கா