மூன்றாவது மாடியின் சூட்டைத் தணிக்க உதவுங்கள்

அன்புள்ள முன்னாள் மாணவ, மாணவியருக்கு வணக்கம்.

நம் கல்லூரியின் புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் உட்கார்ந்து சித்திரை வெயிலில் பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரையில் 40 டிகிரி அடிக்கும் நாளில், கான்கிரீட் தளம் காலையிலிருந்து வாங்கிய சூட்டையெல்லாம் பிற்பகலில் தலைமேல் இறக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும். பழைய கட்டடத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கனத்த சுவர், உயர்ந்த கூரை, சுண்ணாம்புத் தளம், அதன்மேல் பதித்த தட்டை ஓடு.

ஏசி போட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துக் கேட்டதுதான். ஆனால் கொதிக்கும் கூரைக்கு அடியில் மாட்டினால் ஏசி நாள் முழுக்க அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். கரண்ட் பில்லைக் கல்லூரியால் தாங்க முடியாது. முதலில் கூரையைச் சரிசெய்வோம் என்று குழு முடிவெடுத்திருக்கிறது.

மொட்டை மாடி 8,000 சதுர அடி. விரிசலை அடைத்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிக்க, கூலியோடு சதுர அடிக்கு 25 ரூபாய். மொத்தம் 2 லட்சம். அப்புறம் 12 வகுப்பறைகளில் உள்ள 48 ஃபேன்களை மாற்ற வேண்டும். பழையது 75 வாட் இழுக்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் போதும், காற்று குறையாது. நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்தாலே ஒரு ஃபேனில் 72 யூனிட் மிச்சம். ஒன்று 3,000 ரூபாய் வீதம் 1,44,000. ஆக மொத்தம் 3,44,000 ரூபாய் தேவை.

பூச்சில் தூசி படிந்தால் பலன் குறையும். அதனால் ஒவ்வொரு மாசியிலும் மாடியைக் கழுவிவிட நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏசி உள்ள கணினி ஆய்வகத்தில் 24 டிகிரியை 26 ஆக்கி, கூடவே ஃபேனையும் ஓடவிடச் சொல்லியிருக்கிறோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏசி செலவில் சுமார் 6 சதவீதம் குறையும். உடம்பில் காற்று பட்டால் அந்த வித்தியாசம் தெரியாது. இதற்குக் காசே வேண்டாம்.

ஒரு ஃபேனுக்கு 3,000 ரூபாய் தரலாம். 1,000 ரூபாய் தந்தால் 40 சதுர அடிக் கூரை உங்கள் பொறுப்பு. 100 ரூபாய் என்றாலும் 4 சதுர அடி ஆயிற்றே, தயங்க வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்தால்தான் பூச்சு பிடிக்கும். தை மாதம் வேலையைத் தொடங்கிப் பங்குனிக்குள் முடிக்க வேண்டும். மார்கழி முடிவதற்குள் உங்கள் தொகை வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் கட்டடக் குழு,
மதுரை