பவர் சப்ளை இல்லாத பெட்டி ஊமைப் பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் போர்க்கால ஒற்றர் வானொலி பற்றி வந்த கட்டுரையையும் படத்தையும் பார்த்தேன். மலாயாக் காடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இருந்தன என்று தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் படத்தின் கீழே, அது லண்டனோடு பேசியது என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி பேசாது. மைக் செருக அதில் இடமே கிடையாது. புள்ளியும் கோடுமாகப் போகும் மோர்ஸ் தந்திக் குறி மட்டும்தான், கட்டையைத் தட்டித்தான் அனுப்ப வேண்டும்.

இதைச் சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. அந்தக் கருவியில் முக்கியமான பாகமான பவர் சப்ளையே படத்தில் இல்லை. ஜெலுத்தோங்கில் பல வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வு காலத்திலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவன். இதே வகைப் பெட்டி ஒன்றை என் நண்பர் கொண்டுவந்தபோது பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

அது பிரிட்டிஷாரின் டைப் 3 மார்க் 2. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக பி2 என்பார்கள். வடிவமைத்தவர் ஜான் பிரவுன். ஒரு சாதாரண சூட்கேஸில் அடங்கும். மொத்த எடை சுமார் 15 கிலோ. உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகள்: ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், பவர் சப்ளை, உதிரிப் பாகங்களுக்கு ஒரு பெட்டி. காட்டில் இறங்குகிறவர்களுக்காக, தண்ணீர் புகாத இரண்டு உலோகப் பெட்டிகளில் அடக்கியும் இதே கருவியைத் தயாரித்தார்கள்.

டிரான்ஸ்மிட்டரில் இரண்டே வால்வுகள். இஎல்32 அலையை உண்டாக்கும், 6எல்6 அதைப் பெரிதாக்கும். எந்த அலைவரிசை வேண்டுமோ அதற்கான கிரிஸ்டலைச் செருக வேண்டும், அதற்கேற்ற காயிலையும், அதாவது கம்பிச் சுருளையும், மாற்றிப் போட வேண்டும். அப்புறம் மீட்டர் முள் சட்டென்று இறங்கும் இடம்வரை டியூனிங் குமிழைத் திருப்பி, ஏரியல் குமிழால் கம்பிக்குப் பொருத்த வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் சுமார் 20 வாட் வெளியே போகும். ரிசீவரில் நான்கு வால்வுகள். ஏறக்குறைய 3 முதல் 16 மெகாஹெர்ட்ஸ் வரை ஷார்ட்வேவில் பாதி கைக்குள் வந்துவிடும். இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு வேலையை வாங்கியிருக்கிறாரே என்று, திறந்து பார்த்த அன்று எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இருந்தாலும் நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது பவர் சப்ளையைத்தான். கையில் எடுத்தாலே கனம் தெரியும், எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரின் கனம். 97 முதல் 140 வோல்ட் வரை ஒரு வரம்பு, 190 முதல் 250 வரை இன்னொன்று. பெரும்பாலான நாடுகளின் வீட்டு மின்சாரத்தில் வேலை செய்யும்படி செய்திருக்கிறார்கள். மின்சாரமே இல்லாத இடத்தில் 6 வோல்ட் கார் பேட்டரி போதும். பேட்டரியில் ஓடும்போது வைப்ரேட்டர் வேலை செய்யும். ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று விடாமல் துடித்து, பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். வண்டு சுற்றுவது போன்ற அந்த ரீங்காரம் பழைய கார் ரேடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 6 வோல்ட்டில் புறப்பட்டது டிரான்ஸ்மிட்டருக்குப் போய்ச் சேரும்போது 500 வோல்ட் அளவுக்கு வந்துவிடும்.

இதில்தான் மலாயாவின் கதையே இருக்கிறது. அந்த 20 வாட்டை வெளியே அனுப்ப, பேட்டரியிலிருந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். 6 வோல்ட்டில் அது எட்டு ஒன்பது ஆம்பியர். கார் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? தீர்ந்தால் சார்ஜ் செய்ய வேண்டும். பிரான்ஸில் இருந்த ஒற்றர் சுவரில் பிளக்கைச் செருகிவிடுவார். பேராக் மலைக்காட்டில் இருந்தவர் எங்கே போவார்? பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் 1943 மே மாதம் 136ஆம் படை என்ற ரகசியப் படையின் ஆட்களோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். அவ்வளவு கனமான வானொலிக் கருவியையும் அதன் மின்சாதனங்களையும் ஜப்பானியர் கண்ணில் படாமல் காட்டுக்குள் சுமந்துபோக முடியாமல் மறைத்து வைக்க வேண்டியதாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த அதே படையின் லிம் போ செங், 1944 ஜூன் மாதம் பத்து காஜா சிறையில் இறந்தார். இலங்கையில் இருந்த தலைமையகத்தோடு வானொலித் தொடர்பு கிடைத்தது 1945 தொடக்கத்தில்தான். பேராக்கிலிருந்து கொழும்பு சுமார் 2,300 கிலோமீட்டர். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஷார்ட்வேவ் அலைக்கு அது பெரிய தூரமே இல்லை. கருவியால் முடிந்ததைச் செய்ய விடாமல் தடுத்தவை எடையும் மின்சாரமும்தான். கட்டுரையில் வீரம் இருந்தது, நல்லது. ஆனால் சார்ஜ் செய்த பேட்டரி ஒன்றுக்காக மனிதர்கள் பட்ட பாடு அதில் வரவில்லையே என்று எனக்கு வருத்தம்.

ஆகவே, இப்படிப்பட்ட பெட்டியைக் காட்சிக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பவர் சப்ளை உங்களிடம் இருந்தால் அதை உள்ளே போட்டுப் பூட்டாதீர்கள். ரிசீவருக்குப் பக்கத்திலேயே, மூடியைத் திறந்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.

வீட்டில் இதுபோன்ற பழைய ராணுவ செட் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட் இந்தப் பெட்டியின் வரம்புக்குள் வருகிறது. அதனாலேயே பலருக்கு செருகிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பெட்டி குறைந்த வரம்பில் விடப்பட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். அது சரியாக இருந்தாலும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பழைய காகிதக் கண்டென்சர்கள் நம் ஊர் ஈரப்பதத்தில் எப்போதோ கெட்டிருக்கும். அவை ஷார்ட் ஆனால் கூடவே வால்வும் போகும். 500 வோல்ட் உள்ள இடத்தில் கை பட்டால் ஆளே போகலாம். கண்டென்சர்களைச் சோதித்த பிறகு, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அதுவும் தொழில் தெரிந்தவர் கையால். கேட்பதற்கு மட்டும் ரிசீவரைப் பயன்படுத்துங்கள். உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைத் தட்டுவது சட்டப்படி குற்றம்.

பழைய சாமான் வாங்க வரும் பேப்பர் லாமா லாரிக்குப் போடுமுன் கொஞ்சம் யோசியுங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ரிசீவர் மட்டும் தனியாகக் கிடந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கனமாக இருந்ததால் பவர் சப்ளையை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டதாக விற்றவர் சொன்னார். உதிரிப் பெட்டி, கிரிஸ்டல், காயில், ஹெட்ஃபோன் எதையும் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள்.

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் யாரிடமாவது இந்தப் பெட்டி இருந்தால் தங்கள் அலுவலகத்தின் வழியாகத் தகவல் சொல்லட்டும். நானே வந்து பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். சுவர் பிளக்கில் மட்டும் அதுவரை செருகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மு. ச.
ஜெலுத்தோங், பினாங்கு